வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒரு கொம்பியூட்டர்

வீட்டில் கொம்பியூட்டர் வைத்துத் தமிழ் டைப்செட்டிங் செய்கிற தொழிலில் டைப் செய்கிற நேரம்தான் ஆகக் குறைவு. மிச்ச நேரமெல்லாம் அந்தப் பெட்டியிடம் கெஞ்சுவதிலும் வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பதிலும் போய்விடும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து வெள்ளவத்தையில், கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடையில் கணக்குப் பார்த்தார். நான் ஹோலின் ஒரு மூலையில் மேசையைப் போட்டு, கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல், வெளிநாடு போகிறவர்களின் பத்திரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு என்று கிடைத்ததையெல்லாம் அடித்துக் கொடுத்தேன். மேசைக்கு மேலே உடுப்புக் காயப்போடுகிற கொடி. மழை நாட்களில் வாடிக்கையாளரின் தலையில் எங்கள் துவாய் தொடும். வீட்டிலிருந்து வேலை செய்து நொந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும். விளங்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

சென்றியில் ஒரு பிளக்

முதல் தொல்லை, கொம்பியூட்டர் வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்பே வந்துவிட்டது. ஒரு அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய மெஷினை இவர் பேசி எடுத்திருந்தார். மொனிட்டர் என் மடியில், பெட்டி இவருடைய காலடியில், கீபோர்ட் எங்கேயோ முதுகுக்குப் பின்னால். ஓட்டோ பம்பலப்பிட்டிக்குக் கிட்ட வந்தபோது ஆமியின் சோதனைச் சாவடியான சென்றியில் மறித்தார்கள். அடையாள அட்டை இரண்டிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம். காலடியில் வயர்கள் தொங்கும் ஒரு இரும்புப் பெட்டி. ஆமிக்காரன் துவக்கின் நுனியால் பெட்டியைத் தட்டி, "மேக்கே மொனவத?", இதில் என்ன இருக்கிறது என்று கேட்டான். கொம்பியூட்டர் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அப்படியென்றால் போட்டுக் காட்டு என்றான்.

காலி வீதியின் நடுவில் பிளக்குக்கு எங்கே போவது? எதிரே ஒரு சைவக்கடை இருந்தது. இவர் பெட்டியைத் தூக்க, நான் மொனிட்டரைத் தூக்க, ஆமிக்காரன் பின்னால் வர, வீதியைக் கடந்து கடைக்குள் போனோம். முதலாளி எங்களையும் துவக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிரிஜ்ஜின் பிளக்கைக் கழற்றினார். "உள்ளுக்குப் பால் இருக்குப் பிள்ளை, கெதியாப் பாருங்கோ" என்றார். முதல் தரம் போட்டோம், சத்தமே இல்லை. இரண்டாம் தரமும் இல்லை. இவருடைய சேர்ட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேலை செய்யாத கொம்பியூட்டரை என்னவென்று எழுதிக்கொள்வார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, வயரை இவர் ஒரு குத்துக் குத்தினார். உள்ளே காற்றாடி உறுமியது. திரையில் வெளிச்சம் வந்தது.

அதற்குள் இன்னும் இரண்டு ஆமிக்காரர்களும், வடையைக் கையில் வைத்திருந்த நாலைந்து பேரும் சுற்றி நின்றார்கள். நம்முடைய ஆமிக்காரன் குனிந்து திரையைக் கன நேரம் பார்த்தான். எங்கே போகிறீர்கள், யாருக்கு வேலை செய்கிறீர்கள் என்று கேட்கப்போகிறான் என்று மனதுக்குள் சிங்களச் சொற்களை அடுக்கிக்கொண்டு நின்றேன். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, இதில் விளையாட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். அவன் கேட்டது அப்படியே: "அக்கே, மேக்கே கேம் எஹெம தியெனவாத?"

கோயில் நோட்டீஸ்

அந்தக் காலத்துத் தமிழ் ஃபொண்ட்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. என் மெஷினில் இருக்கிற ஃபொண்ட் உங்கள் மெஷினில் இல்லையென்றால், நான் அடித்த 'அம்மா' உங்களுக்கு ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் டொலர்க்குறியும் கலந்த கூழாகத்தான் தெரியும். இந்தக் கூழைக் குடித்துத்தான் நாங்கள் எல்லோரும் தொழில் செய்தோம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலுக்குத் திருவிழா நோட்டீஸ் அடித்தேன். மேலே திருப்புகழில் இரண்டு வரியை வளைவு நெளிவான ஒரு ஃபொண்டில் வைத்திருந்தேன். கீழே விபரமெல்லாம் சாதாரண ஃபொண்ட். இரண்டு ஃபொண்டையும் ஃபைலையும் பிளொப்பியில் போட்டு, கோயிலுக்குப் பக்கத்திலிருந்த அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பினேன். பிளொப்பி வழியில் என்ன பாடுபட்டதோ, வளைவு நெளிவு ஃபொண்ட் மட்டும் அங்கே திறக்கவில்லை. அடுத்த நாள் கோயில் தலைவர் ஃபோன் எடுத்து, "பிள்ளை, மேல எழுதியிருக்கிறது என்ன பாஷை?" என்று கேட்டார். பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். நோட்டீஸ் அவ்வளவும் அடித்து, மடித்து, பாதிக்கு மேல் வீடு வீடாகப் போய்விட்டது. கொடியேற்றம் மறுநாள் காலை. முருகப்பெருமானின் படத்துக்குக் கீழே நட்சத்திரக்குறியும் கேள்விக்குறியும் டொலர்க்குறியும் இரண்டு வரிக்கு நிமிர்ந்து நின்றன.

திருப்பி அடிக்க நேரமில்லை. "இதைப் பாத்தவுடனே எனக்கு ஒரு ஃபோன் எடுத்திருக்கக் கூடாதா அண்ணை?" என்று அச்சக முதலாளியிடம் அழாக்குறையாகக் கேட்டேன். அவர் கையிலிருந்த மையைத் துணியில் துடைத்தபடி, ஆறுதலாகச் சொன்னார்: "நான் அது சமஸ்கிருதமாக்கும் எண்டு விட்டிட்டன் பிள்ளை. ஐயரும் பாத்தவர்தான். அவரும் ஒண்டும் சொல்லேல்லை."

சிவப்புக் கோடு

வாடிக்கையாளர்களில் ஆக மோசமானவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்க்கிறவர்கள். ரவீந்திரன் அந்த வகை. வவுனியாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கி, கனடா விசாவுக்கு அலைந்துகொண்டிருந்த பொடியன். தகப்பன் பெயர் கந்தையா. அவருடைய பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம், காணி உறுதி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுக்க வேண்டும். கொம்பியூட்டருக்கு எங்கள் பெயர்கள் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். கந்தையா வருகிற இடமெல்லாம் கீழே சிவப்புக் கோடு. பொடியனுக்கு அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்கப் பதற்றம் கூடியது. "அக்கா, இது பிழை எண்டுதானே காட்டுது? வெள்ளைக்காரன் பாத்தால் என்னைப் படிக்காதவன் எண்டு நினைப்பான்." கோடு திரையில் மட்டும்தான், கடதாசியில் வராது என்று சொன்னேன். அவன் நம்பவில்லை.

குசினியில் சோறு பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அடுப்பைக் குறைத்துவிட்டு வருவதற்குள் பொடியன் என் கதிரையில் ஏறி இருந்து, மெஷின் கேட்ட கேள்விக்கெல்லாம் ஓம் ஓம் என்று அமத்திவிட்டான். "பாத்தீங்களா, எல்லாக் கோடும் போயிட்டுது!" என்றான் சந்தோஷமாக. பிரிண்ட் எடுத்ததும், பஸ்ஸுக்கு நேரமாகுது என்று கடதாசிகளை என் கையிலிருந்து பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினான்.

ஒரு கிழமை கழித்து வாசலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது. மெஷின் தனக்குத் தெரியாத 'கந்தையா'வையெல்லாம் தனக்குத் தெரிந்த 'கனேடியன்' ஆக்கியிருந்தது. பிறந்தவர் கனேடியன், கலியாணம் முடித்தவர் கனேடியன், வவுனியாவில் காணி வைத்திருந்தவரும் கனேடியன். நல்லவேளையாக விசா அதிகாரி சிரித்துவிட்டு, திருத்திக்கொண்டு வரச்சொல்லி இன்னொரு நாள் கொடுத்திருந்தார். பிறகு விசாவும் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு அவன் கடதாசிக் கட்டை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னது இது: "அக்கா, அவர் என்னட்டக் கேட்டவர், 'உன்ர அப்பா ஏற்கெனவே கனேடியன் எண்டால் நீ ஏன் தம்பி லைனில நிக்கிறாய்?' எண்டு."

பல்லி

கடலுக்குக் கிட்ட வீடு என்றால் எல்லோரும் பொறாமைப்படுவார்கள். உப்புக் காற்று மெஷினுக்குள் என்ன செய்யும் என்று எனக்கும் நஸீர் நானாவுக்கும்தான் தெரியும். நஸீர் நானா தெஹிவளையில் இருந்தார், கொம்பியூட்டர் திருத்துகிறவர். மாதத்தில் ஒருமுறையாவது வந்து, திருகாணிகளை என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு, பெட்டியைக் கழற்றி ஊதி, "இப்ப சரி மிஸ்" என்பார். அவர் படியிறங்கிப் போனதும் மெஷின் மறுபடி நின்றுவிடும்.

ஒருநாள் பாமன்கடையிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். மகள் சுமதி ஒரு ஷிப்பிங் கொம்பனியில் வேலை. லண்டனில் ஒரு மாப்பிள்ளை சரிவந்திருக்கிறது, மகளுடைய விபரமும் சாதகமும் வடிவாக அடித்து இன்றைக்கே அனுப்ப வேண்டும் என்றார். சுமதி ஜன்னலுக்கு வெளியே, கடைசியில் தெரிகிற கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நட்சத்திரத்தை அடித்து முடித்து, ராசி என்று தொடங்கினேன். பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு வெடி. புகை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினேன். நஸீர் நானாவுக்கு ஃபோன் எடுத்து, அவர் வந்து கழற்றும் மட்டும் அந்த அம்மா அசையாமல் அதே கதிரையில் இருந்தார். நானா ஸ்குரூ டிரைவர் நுனியில் எதையோ தூக்கிக் காட்டினார். "மிஸ், உள்ளுக்கு ஒரு பல்லி மௌத்தாகி ஈக்கி."

ராசியில் கை வைக்கும்போது பல்லி செத்திருக்கிறது! அம்மா எழும்பிவிட்டார். நான் உப்புக் காற்றைப் பற்றியும், சூட்டுக்குப் பல்லி போய் ஒதுங்குவதைப் பற்றியும் எவ்வளவோ சொன்னேன். அடிக்கவே வேண்டாம், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஒரு நாள் வேலையும் போய், ஒரு பிள்ளையின் கலியாணத்தையும் என் மெஷின் குழப்பிவிட்டதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சில மாதம் கழித்துச் சுமதி தனியாக வந்தாள். கலியாணக் கார்ட் அடிக்க வேண்டுமாம். மாப்பிள்ளை அதே கொம்பனியில் வேலை செய்கிறவர், வீட்டில் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். இரண்டு பெயரையும் எழுதிய துண்டை நீட்டியபடி சிரித்தாள்: "அன்ரி, அண்டைக்கு அந்தப் பல்லி செத்திருக்காட்டி நான் இப்ப லண்டனில இருந்து அழுதுகொண்டிருப்பன்."

பீப்... பீப்...

கரண்ட் போய்ப் போய் வருகிற காலத்தில், நஸீர் நானாவின் பேச்சைக் கேட்டு ஒரு யூ.பி.எஸ். வாங்கினோம். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்துக்கு மெஷினை உயிரோடு வைத்திருக்கும், 'பீப், பீப்' என்று கத்தி எங்களுக்கும் சொல்லும். நல்ல சாமான்தான். ஆனால் கொழும்பில் எல்லோரும் பஸ்ஸில் ஏறினால் சீற்றுக்குக் கீழே குனிந்து பார்க்கிற காலத்தில் அது கத்தியது.

ஒரு முற்பகல், மெஷினை நிப்பாட்டாமல் கதவைப் பூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு திரும்பினால் ஒழுங்கை வாயில் கயிறு கட்டியிருந்தது. பொலிஸ், நாய், சனம். எங்கள் கட்டிடத்தில் குண்டு வைத்திருக்கிறார்களாம் என்றார்கள். எவன் இந்த வேலை செய்தான், நாங்கள் இனி இங்கே இருந்த மாதிரித்தான் என்று கூட்டத்தோடு சேர்ந்து நானும் திட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பக்கத்தில் நின்றவர், "இரண்டாம் மாடியில பூட்டின வீட்டுக்குள்ள இருந்துதான் சத்தம் வருதாம்" என்றார். மரக்கறிப் பை கையிலிருந்து விழுந்துவிட்டது. கயிற்றுக்குக் கீழே புகுந்து, அது என்னுடைய வீடு, அது குண்டில்லை என்று கத்திக்கொண்டு ஓடினேன். அதே நேரம் பற்றரி முடிந்து, மேலே சத்தம் சட்டென்று நின்றது. வெடிக்கப்போகிறது என்று பொலிஸ்காரர், சனம், எல்லோரும் தரையில் விழுந்து படுத்தார்கள். ஒழுங்கையில் நிமிர்ந்து நின்றது நானும் நாயும் மட்டும்தான்.

அதன் பிறகு சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. துவக்கு நீட்டியபடி என்னை முன்னால் விட்டு மேலே கூட்டிப்போனார்கள். யூ.பி.எஸ்ஸைக் கழற்றி, நாய்க்கு மணக்கக் கொடுத்து, வீடு முழுக்கக் கொட்டிக் கிளறினார்கள். வீட்டுச் சொந்தக்காரர் வந்து, மாத முடிவோடு காலி பண்ணுங்கள் என்றார். கீழ் வீட்டுச் சிங்கள அம்மாதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை காலையிலிருந்து டைப் அடிக்கிற பிள்ளை, இவளை வீட்டை விட்டு எழுப்பினால் என்னையும் எழுப்பு என்று சொந்தக்காரரோடு சண்டை பிடித்து, அந்தப் பேச்சை நிற்பாட்டினார். எல்லாம் அடங்கிய பிறகு, பொலிசுக்கு ஃபோன் எடுத்த மேல்மாடி நடராசா மாஸ்டர், கட்டியிருந்த சாரத்தில் மண்ணைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று பார்த்தேன். "பிள்ளை, இனிமேல் மார்க்கெட்டுக்குப் போகேக்க அதையும் கையோட கூட்டிக்கொண்டு போம்" என்றார்.

மரண அறிவித்தல்

இது, ஆமி வந்து வீடு வீடாகத் தேடுகிற ஒரு சுற்றிவளைப்பு நடந்த காலை. அதற்கு முன்பே, விடிந்ததும் விடியாததுமாக, தகப்பனை இழந்த ஒரு பெண் வந்திருந்தாள். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் மகள், பெயர் மாலினி. அறிவித்தலை அடித்து, மதியத்துக்குள் பத்திரிகைக்குக் கொடுத்தால்தான் தகனத்துக்கு முன் சொந்தக்காரருக்குத் தெரியவரும். அவளுடைய சகோதரர்கள் மூன்று பேரும் வெளிநாட்டில். அவள் சொல்லச் சொல்ல, அழுகைக்கு நடுவில் நான் அடித்து முடித்தேன். முடித்ததும் மெஷின் உறைந்து நின்றது. நிப்பாட்டித் திருப்பிப் போட்டேன். ஃபைல் இருந்தது, ஃபொண்டைக் காணவில்லை. தபாலதிபரின் முழு வாழ்க்கையும் கேள்விக்குறியும் டொலர்க்குறியுமாகக் கிடந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

ஆமிக்காரர் நாலு பேர், ஒரு பொலிஸ் அதிகாரி. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் பார்த்தார்கள். அதிகாரியின் கண் திரையில் விழுந்தது. "இது என்ன பாஷை?" என்று சிங்களத்தில் கேட்டார். தமிழ் என்றேன். "தமிழ் எழுத்து எனக்குத் தெரியும், பஸ்ஸில போட்டிருக்கு. இது தமிழ் இல்லை" என்றார். ஃபொண்ட் என்ற சங்கதியை என்னுடைய உடைந்த சிங்களத்தில் விளங்கப்படுத்திப் பாருங்கள், அப்போது தெரியும் என் கஷ்டம். கதையை விட்டுவிட்டுச் செய்தே காட்டுவோம் என்று, மேசை லாச்சியிலிருந்து பிளொப்பியைத் தேடி எடுத்து, ஃபொண்டைத் திருப்பிப் போட்டேன். ஒரு தட்டு. கூழெல்லாம் தமிழாகிவிட்டது. பார்த்தீர்களா என்று பெருமையாகத் திரும்பினேன். அதிகாரியின் முகம் இன்னும் இறுகிவிட்டது. இரகசியக் குறியீட்டை ஒரு நொடியில் தமிழாக்குகிற மெஷினைத் தன் கண்ணாலேயே கண்டுவிட்டார். பெட்டியைத் தூக்கு என்றார். கணவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். நானும் மாலினியும் ஓட்டோவில் பின்னால் போனோம்.

பொலிஸ் நிலையத்தில் மெஷினைப் பொருத்திப் போட்டு, திரையை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். இவரை ஒரு மர வாங்கில் தனியாக இருத்தியிருந்தார்கள். கடைசியில், மட்டக்களப்பில் கன காலம் வேலை செய்த வயதான சார்ஜன்ட் ஒருவரைத் தேடிக் கூட்டிவந்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, விரலைத் திரையில் வைத்து, எழுத்துக் கூட்டி, உரக்க வாசிக்கத் தொடங்கினார். "கா-லம்-சென்-ற..." அன்புக் கணவர், பாசமிகு தந்தை, அருமைப் பாட்டனார் என்று ஒன்றையும் விடாமல் வாசித்தார். வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் சிங்களத்தில் அர்த்தம் சொன்னார். 'மாலினியின்' என்ற இடத்தில் அவள் விம்மிவிட, சார்ஜன்ட் நிறுத்தி, இது நீயா என்று கையால் கேட்டார். அவள் தலையாட்டினாள். அதிகாரி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

இவரையும் மெஷினையும் விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பிரிண்ட் எடுத்து, மாலினி பத்திரிகைக்கு ஓடி, பக்கம் மூடுவதற்குள் கொடுத்துவிட்டாள். தகனத்துக்குச் சனம் வந்தது. எனக்கு அதற்குப் பிறகு கன நாள், கதவு தட்டினால் முதலில் திரையைப் பார்க்கிற பழக்கம் இருந்தது. ஆனால் அந்தச் சார்ஜன்ட், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, எங்களைப் பார்க்காமல் திரையைப் பார்த்துத் தன்னுடைய தமிழில் சொன்னதை நான் மறக்கவில்லை: "பாவம் நே. நல்ல மனுசன் போல."

மூன்றாம் தரம்

தம்பிராசா ஐயா மன்னாரிலிருந்து வந்திருந்தார். கொழும்பில் வேலை தேடி வந்த மகனை லொட்ஜில் வைத்து விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். பிறகு தகவலே இல்லை. மனு எழுதவேண்டும், அதை நாலைந்து இடத்துக்குக் கொடுக்கவேண்டும். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பெயர், வயது, அடையாள அட்டை, கூட்டிப்போன நாள். நேராக, அரசாங்கக் கச்சேரியில் அதிகாரி முன்னால் நின்று பதில் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார். முடிகிற நேரம் கரண்ட் போனது. யூ.பி.எஸ். ஒரு தரம் கத்திவிட்டுச் செத்தது. எழுதினதில் ஒரு வரியும் மிச்சமில்லை. அடுத்த நாள் வரச்சொன்னேன்.

அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து. இந்த முறை, மகன் அன்றைக்கு என்ன நிறச் சேர்ட் போட்டிருந்தான் என்பதையும் சொன்னார். நீலம், தங்கச்சி தைத்துக் கொடுத்தது. நான் சேவ் பண்ணிக்கொண்டே போனேன், அந்த விஷயத்தில் இனி ஏமாறமாட்டேன் என்று. பின்னேரம் பிரிண்ட் எடுப்போம் என்று திறந்தால், மெஷின் கறகறவென்று அரைத்துவிட்டு நின்றுபோனது. நஸீர் நானா ஓடிவந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். டிஸ்க் முடிந்தது, உள்ளே இருந்த ஒன்றையும் எடுக்க ஏலாது என்று உதட்டைப் பிதுக்கினார். அன்றைக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி ஜன்னலால் எறியக் கை துடித்தது. கலியாணக் கார்ட் போனால் திருப்பி அடிக்கலாம். இந்த மனுசனைத் திருப்பி ஒருக்கா இதையெல்லாம் சொல்லு என்று எந்த வாயால் கேட்பது?

புது டிஸ்க் போட்ட பிறகு ஐயா வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, இரண்டாம் தரம் அடித்த மனுவும் அழிந்துபோன விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கு ஒவ்வொரு பக்கமும் அடித்தவுடனேயே பிரிண்ட் எடுத்து அவர் மடியில் வைத்தேன். மனுவும் மற்ற இரண்டையும் விட நீளமாக வந்தது. மகன் சின்ன வயதில் பருப்பைக் கண்டால் எழும்பி ஓடுவதையும் சொன்னார், சொல்லிச் சிரித்தார். அதை மனுவில் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அவர் முடிக்கும் மட்டும் அடித்தேன், பிரிண்ட் எடுக்க முன் அதை அவருக்குத் தெரியாமல் நீக்கினேன். மனுக்களை எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். பதில் வந்ததாக நான் அறியவில்லை, மகன் வந்ததாகவும் அறியவில்லை. அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் கதிரையை இன்னும் கொஞ்சம் மேசைப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அதுக்கென்ன பிள்ளை, இன்னொருக்காச் சொல்லுறன். வீட்டில இப்ப ஒருத்தரும் அவனைப் பற்றிக் கதைக்கிறேல்லை."

வீட்டிலிருந்தே வேலை செய்வதில் நான் கண்ட ஒரேயொரு வசதி, அழுகை வந்தால் குசினிக்குப் போய்விட்டு வர யாரிடமும் லீவு கேட்கத் தேவையில்லை என்பதுதான்.